எல்லாருக்கும் ஒரே ஞாயிறு கிடையாது: ஷிப்ட் ரோஸ்டருக்குள்ள ஒரு கேம் டேபிள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் குறைத்திருக்கிறோம்.)

ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

"சனிக்கிழமை 6 மணிக்கு எல்லாருக்கும் ஓகேவா?"

நாலு பேர் கட்டைவிரல் போடுறாங்க. அஞ்சாவது ஆள், "மச்சி, பி ஷிப்ட்டுடா, அடுத்த வாரம் பாக்கலாம்." அடுத்த வாரம் அதே ஆள், "சி ஷிப்ட், தூங்கி எந்திரிக்கவே 3 ஆயிடும், அப்புறம் 8 மணிக்கு பஸ்." அதுக்கு அடுத்த வாரம் கேள்விக்குப் பதிலே வரல. ரெண்டு மாசம் கழிச்சு அந்த டேபிள்ல 4 பேர்தான் இருக்காங்க. யாரும் யாரையும் வெளிய அனுப்பல. சண்டையும் இல்ல. ஆனா ஒரு ஆள் இல்ல.

இது என்னோட முதல் டேபிள்ல நடந்தது. நாங்க நாலு பேர் ஜெனரல் ஷிப்ட், அதாவது ஆபீஸ் நேரம். அவன் மட்டும் ஒரகடம் பக்கம் லைன்ல வேலை. "அவனுக்கு டைம் இல்லப்பா"னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நாங்க எல்லாருக்குமான நேரம்னு நினைச்சது எங்க நாலு பேரோட நேரம் மட்டும்தான்னு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்: வேலைக்குப் போற பெரியவங்க, அதுவும் ஷிப்ட்ல போறவங்க, மாசக்கணக்குல ஒரு ரோல்பிளேயிங் கேம் ஆட முடியுமா? முடியும். ஆனா கேலண்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாக்கணும்.

புதுசா கேக்கறவங்களுக்கு

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்னா, நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கதாபாத்திரமா பேசி, டைஸ் உருட்டி, சேந்து ஒரு கதையை நகர்த்துறது. ஒருத்தர் கேம் மாஸ்டர், சுருக்கமா ஜிஎம். உலகத்தையும் எதிரிகளையும் அவர் பாத்துப்பார். இந்த வகையில முதல்ல கடைக்கு வந்தது 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதின டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒரு உக்காருறதுக்குப் பேரு செஷன். பல செஷனா நீளுற தொடர்கதைக்குப் பேரு கேம்பெயின்.

சினிமான்னா ஒரு ஆள் வரலைன்னாலும் படம் ஓடும். கிரிக்கெட்னா பக்கத்துத் தெருப் பையனைக் கூட்டிட்டு வந்துடலாம். கேம்பெயின்ல அப்படி முடியாது. போன செஷன் முடியும்போது குகை வாசல்ல நின்னுட்டு இருந்தவ இன்னிக்கு எங்கன்னு கதை கேக்கும். அதனால எல்லாரும் வந்தாத்தான் ஆடுவோம்னு தோணும். பிரச்சினை ஆரம்பிக்கிறதே அங்கதான்.

ஒரகடத்துக் கடிகாரம்

வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற இடம் ஒரகடம். கார், லாரி, பைக், டயர்னு சுத்தி எல்லாமே ஃபேக்டரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா ஃபோன், எலெக்ட்ரானிக்ஸ். இந்த ஊர்ல நேரம் கம்பெனி பஸ்ஸை வச்சுத்தான் ஓடுது. விடியக்காலை 4:45-க்கு படப்பையில டீக்கடை திறந்திருக்குன்னா அது ஏ ஷிப்ட் ஆளுங்களுக்காக.

நிறைய இடத்துல இருக்கிற முறையை எடுத்துக்குவோம். ஏ ஷிப்ட் காலை 6-ல் இருந்து மதியம் 2 வரை. பி ஷிப்ட் 2-ல் இருந்து ராத்திரி 10 வரை. சி ஷிப்ட் ராத்திரி 10-ல் இருந்து காலை 6 வரை. வாரம் ஒரு தடவை மாறும். திங்கள்ல இருந்து சனி வரை வேலை, ஞாயிறு வீக்லி ஆஃப். உங்க கம்பெனியில நேரம் அரை மணி முன்னபின்ன இருக்கலாம். கணக்கு இதேதான்.

ஏ-ல இருந்து பி-க்கு மாறுற ஆள் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வெளிய வர்றாரு. திரும்பப் போறது திங்கள் மதியம் 2-க்கு. நடுவுல 48 மணி நேரம். பி-ல இருந்து சி-க்கு மாறுற ஆளுக்கு சனி ராத்திரி 10-ல் இருந்து திங்கள் ராத்திரி 10 வரை, அதுவும் 48 மணி நேரம்.

சி-ல இருந்து ஏ-க்கு மாறுற ஆள்? சனி ராத்திரி ஷிப்ட் ஞாயிறு காலை 6-க்குத்தான் முடியுது. திங்கள் காலை 6-க்கு அவர் மறுபடி லைன்ல நிக்கணும். 24 மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு தடவை தூங்கணும்: போன ராத்திரிக்கு ஒண்ணு, வரப்போற காலைக்கு ஒண்ணு. துணி துவைக்கணும், ஊருக்குப் பேசணும், சாப்பிடணும். மிச்சம் இருக்கிறதுதான் அவரோட ஞாயிறு.

இதுல சட்டமும் இருக்கு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 57-வது பிரிவு, நள்ளிரவைத் தாண்டுற ஷிப்ட்ல வேலை செய்றவருக்கு ஒரு நாள் விடுமுறைன்னா என்னன்னு தனியா சொல்லியிருந்துச்சு: அவரோட ஷிப்ட் முடியுற நேரத்துல இருந்து தொடர்ச்சியா 24 மணி நேரம். அந்தக் கணக்குப்படி நம்ம ஆளுக்கு முழு விடுமுறை கிடைச்சாச்சு. காகிதத்துல எல்லாருக்கும் ஒரு ஞாயிறு. உடம்புக்கு அப்படிக் கிடையாது.

அதனால "ஞாயிறு லீவுதானே, ஏன் வரல?"னு கேக்கறதுக்கு முன்னாடி, எந்த ஷிப்ட்ல இருந்து எதுக்கு மாறுறாங்கன்னு கேளுங்க.

ரோஸ்டரே உங்க கூட்டாளி

ஷிப்ட்டைப் பாத்து நாம பயப்படுறோம். ஆனா உண்மையில ஷிப்ட் ஆளுங்களோட நேரம்தான் முன்கூட்டியே கணிக்க முடியுறது. ஐடி நண்பருக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் திடீர்னு ரிலீஸ் வரும். ஏ-பி-சி சுத்துறவருக்கு 3 வாரச் சக்கரம். இன்னிக்கு என்ன ஷிப்ட்னு தெரிஞ்சா, நடுவுல யாரும் மாத்தாத வரைக்கும் ரெண்டு மாசம் கழிச்சு என்ன ஷிப்ட்னு சொல்லிடலாம்.

ஒரு பேப்பர் எடுங்க. மேல 1, 2, 3-னு மூணு வாரம். பக்கத்துல ஆளுங்க பேரு. கட்டத்துல ஏ, பி, சி. சி எழுதின வாரத்தோட ஞாயிறுக்கு ஒரு வட்டம் போடுங்க. அதுதான் 24 மணி நேர ஞாயிறு.

5 பேர் டேபிள். எல்லாரும் ஷிப்ட். மூணு சுற்றுலயும் 2, 2, 1-ன்னு பிரிஞ்சு இருக்காங்கன்னு வைங்க. எந்த ஞாயிறு எடுத்தாலும் வட்டத்துக்குள்ள அதிகபட்சம் 2 பேர்தான். அதாவது குறைஞ்சது 3 பேருக்கு 48 மணி நேர ஓய்வு இருக்கு. 5 பேரும் ஒரே சுற்றுன்னா, ரெண்டு ஞாயிறு முழு டேபிள், மூணாவது ஞாயிறு யாருமே இல்ல. அப்போ 3 வாரத்துக்கு ரெண்டு தடவை ஆடுங்க, மூணாவது வாரத்தை "தூங்குற வாரம்"னு அறிவிச்சுடுங்க. கடைசி நிமிஷத்துல ஏமாறுறதைவிட அது எவ்வளவோ மேல்.

சில கம்பெனியில சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும்: சி-ல இருந்து பி, பி-ல இருந்து ஏ, ஏ-ல இருந்து சி. அங்க கணக்கு மாறும். சி முடிச்சு பி போறவருக்கு ஞாயிறு காலை 6-ல் இருந்து திங்கள் மதியம் 2 வரை, 32 மணி நேரம். அவர் தூங்கி எந்திரிச்சு சாயந்திரம் வரலாம். அதனால உங்க ஆளுங்க எந்தப் பக்கம் சுத்துறாங்கன்னு கேட்டுட்டு வட்டம் போடுங்க.

நேரம்? நாங்க வச்சிருக்கிறது ஞாயிறு மதியம் 3-ல் இருந்து 6:30. காரணம் இதுதான். சி முடிச்ச ஆள் 8 மணிக்குப் படுத்தா 1:30-க்கு எந்திரிக்கலாம். திங்கள் ஏ ஷிப்ட் போறவர் 9-க்குள்ள படுத்தாத்தான் 4 மணிக்கு எந்திரிக்க முடியும். இந்த ரெண்டுக்கும் நடுவுல சாப்பாடு, போக்குவரத்து போக மிச்சம் அவ்வளவுதான். ரொம்பக் கஷ்டமான வாரத்துல இருக்கிறவரை வச்சு நேரத்தைத் தேர்ந்தெடுங்க, ஆனா அந்த வாரம் அவர் வந்தே ஆகணும்னு எதிர்பாக்காதீங்க. ரெண்டும் சேந்து இருந்தாத்தான் நியாயம்.

எல்லாரும் வரணும்னா என்ன ஆகும்?

இப்போ ரோஸ்டர் இல்லாத டேபிளுக்கும் பொருந்துற ஒரு கணக்கு. 5 பிளேயர். ஒவ்வொருத்தரும் நல்ல பொறுப்பான ஆளு, 5 தடவைல 4 தடவை வந்துடுவாங்க, அதாவது 80 சதவீதம். ஜிஎம் எப்பவும் இருக்காருன்னு வைங்க. 5 பேரும் ஒரே நாள்ல வர்றதுக்கான வாய்ப்பு எவ்வளவு?

0.8-ஐ அஞ்சு தடவை பெருக்குங்க. கிட்டத்தட்ட 33 சதவீதம். மூணு தடவை திட்டம் போட்டா ரெண்டு தடவை கேன்சல். யாரும் பொறுப்பில்லாம நடந்துக்கல, விதிதான் தப்பு.

இப்போ விதியை மாத்துங்க: 3 பேர் வந்தா ஆட்டம் நடக்கும். அதே 5 பேர், அதே 80 சதவீதம். ஆட்டம் நடக்கிற வாய்ப்பு 94 சதவீதம். மனுஷங்க யாரும் மாறல. ஒரே ஒரு வரி மாறிச்சு.

இன்னொண்ணு. பாதிதான் வருவேன், 50 சதவீதம்னு சொல்ற ஆளுங்களை வச்சுக்கூட ஆடலாம். அப்படிப்பட்ட 5 பேர்னா, 3 பேர் கூடுற வாய்ப்பு சரிபாதி. அதே மாதிரி 8 பேரைச் சேத்துக்கிட்டா கிட்டத்தட்ட 86 சதவீதம். 8 பேரும் ஒரே நாள்ல வந்துட்டா என்ன பண்றது? அது அபூர்வம். வந்தா ரெண்டு டேபிளாப் பிரிங்க, இல்ல அன்னிக்குப் பிரியாணி சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு, ஒருத்தர் வர்றதுக்கும் இன்னொருத்தர் வர்றதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுப் போட்டது. எல்லாரும் ஒரே லைன்ல வேலைன்னா, ஓடி போட்டா எல்லாருக்கும் ஓடி. பொங்கல், தீபாவளின்னா எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிடுவாங்க. அதனால டேபிள்ல ஒரே டிபார்ட்மென்ட் ஆளுங்களை மட்டும் சேக்காதீங்க. ஜனவரி நடுவுல ரெண்டு வாரம் ஆட்டம் இல்லைன்னு டிசம்பர்லயே சொல்லிடுங்க.

அப்போ கதை என்ன ஆகும்?

நல்ல கேள்வி. இன்னிக்கு 3 பேர், அடுத்த வாரம் வேற 3 பேர்னா கதை எப்படி நிக்கும்?

இந்த விளையாட்டு பிறந்த காலத்துல இது ஒரு பிரச்சினையாவே பாக்கப்படல. 1974-ல் வந்த முதல் புத்தகங்கள், ஒரு கேம்பெயின்ல 4-ல் இருந்து 50 பேர் வரைக்கும் இருக்கலாம், 20 பேருக்கு ஒரு நடுவர்னு பேசுது. 50 பேரும் ஒரே மேஜையில உக்கார முடியாது. வர்றவங்க வருவாங்க, அன்னிக்கு வந்தவங்கதான் அன்னிக்குக் குழு. அதே 5 பேர், அதே கதை, வாராவாரம்ங்கிறது அப்புறம் வழக்கமான ஒரு பாணி. அதுக்கு நாம கட்டுப்பட்டே ஆகணும்னு எதுவும் இல்ல.

பின்னாடி பென் ராபின்ஸ்னு ஒரு அமெரிக்க கேம் டிசைனர் வெஸ்ட் மார்ச்சஸ்னு ஒரு கேம்பெயின் நடத்தினாரு. அதைப் பத்தி 2007-ல் எழுதவும் செஞ்சாரு. 10-ல் இருந்து 14 பேர் வரை ஆடினாங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அதுல நிரந்தர நேரம் கிடையாது, நிரந்தரக் குழு கிடையாது. எப்போ, எங்க போறதுன்னு பிளேயர்களே முடிவு பண்ணி ஜிஎம்-கிட்ட சொல்லணும். எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்ச ஒரு பழக்கம் இருந்துது: ஒவ்வொரு செஷனும் ஊருல ஆரம்பிச்சு ஊருலயே முடியும். யாரும் குகை நடுவுல தொங்கிட்டு இருக்க மாட்டாங்க. வராதவரோட கதாபாத்திரம் ஊருலயே இருந்துட்டாங்க, அவ்வளவுதான்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வந்தா? ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டுன்னு ஒரு கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்க அகழாய்வு பண்ணுச்சு. கற்காலக் கருவிகள், பானை ஓடுகள், தங்க அணிகலன் துண்டுகள்னு வேற வேற காலத்துப் பொருள்கள் கிடைச்சதா செய்தி வந்துச்சு. ரோபோ வெல்டிங் பண்ற இடத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, மனுஷன் கல்லை உடைச்சு ஆயுதம் செஞ்ச தடயம். இதைவிட நல்ல கேம் மேப் எங்க கிடைக்கும்?

எங்க டேபிளோட இப்போதைய கேம்பெயின் இதை வச்சுத்தான், முழுக்கக் கற்பனையா. ஒரு அகழாய்வு கேம்ப். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு காலத்துக்குள்ள இறங்கும். ஒரு செஷனுக்கு ஒரு குழி. 6:15-க்கு எங்க இருந்தாலும் கேம்ப்ல மணி அடிக்கும், ஏணி ஏறி மேல வந்துடணும். மணி அடிச்சும் ஏறலைன்னா டைஸ் உருட்டணும், பெரும்பாலும் வலிக்கும். அன்னிக்கு வராதவங்களோட கதாபாத்திரம் கேம்ப்ல உக்காந்து பானை ஓடு கழுவிட்டு இருக்கும். ஷிப்ட் மாதிரியேதான். ஒருத்தர் கீழ இறங்கும்போது இன்னொருத்தர் மேல இருப்பாங்க.

நாளைக்கே செய்யக்கூடியது

முதல்ல, "எப்போ ஃப்ரீ?"ன்னு கேக்கறதை நிறுத்துங்க. பெரியவங்க யாரும் ஃப்ரீயா இருக்கிறது இல்ல. நாளையும் நேரத்தையும் நீங்க சொல்லிட்டு, "வர்றியா?"ன்னு மட்டும் கேளுங்க. வியாழக்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ், வெள்ளி ராத்திரி 10 மணிக்கு கெடு. பி ஷிப்ட் ஆளுக்கு வேலை நேரத்துல ஃபோன் கையில இருக்காது, அதனால ஒரு முழு நாள் கொடுங்க. பதில் வரலைன்னா வரலைன்னு எடுத்துக்கங்க, துரத்தாதீங்க.

ரெண்டாவது, "வரல"ங்கிறதுக்குக் காரணம் கேக்காதீங்க. தொடர்ந்து மூணு தடவை மன்னிப்புக் கேக்கிற ஆள் நாலாவது தடவை குரூப்பை மியூட் பண்ணிடுவாரு. எங்க குரூப்ல "பானை ஓடு"ன்னு ரெண்டு வார்த்தை போட்டா போதும். அதுக்கு அர்த்தம்: இந்த வாரம் வரல, நான் நல்லாத்தான் இருக்கேன், அடுத்த தடவை கூப்பிடுங்க.

மூணாவது, முடியுற நேரத்தைக் காப்பாத்துங்க. ஆரம்பிக்க 20 நிமிஷம் லேட்டானாலும் 6:30-க்கு முடிங்க. "இன்னும் ஒரே ஒரு சண்டை"ன்னு 8 மணி ஆக்கினா, அதுக்கான விலையை ஒருத்தர் திங்கக்கிழமை காலை 4 மணிக்குக் கொடுப்பாரு. மெஷின் பக்கத்துல தூக்கக் கலக்கம் விளையாட்டு இல்ல.

நாலாவது, செஷன் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷ வாய்ஸ் நோட். என்ன நடந்துச்சு, யார் எதைக் கண்டுபிடிச்சாங்க. வராதவர் அதைக் கம்பெனி பஸ்ல கேப்பாரு. நாங்க இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சதுக்கு அப்புறம், வராதவங்க அடுத்த தடவை வரும்போது "நான் எதையோ தவற விட்டுட்டேன்"னு தயங்கி உக்காரல. "அந்தக் கிணத்துக்குள்ள ஏன்டா இறங்கினீங்க?"ன்னு திட்டிக்கிட்டேதான் வர்றாங்க.

அஞ்சாவது, ஜிஎம்-ம் ஒரு மனுஷன். அவரும் சி ஷிப்ட் போவாரு. அவர் இல்லாத நாளுக்கு ஒரு மாற்று வச்சுக்கங்க. ஜேசன் மார்னிங்ஸ்டாரோட ஃபியாஸ்கோன்னு ஒரு கேம், 2009-ல் வந்தது. அதுக்கு ஜிஎம்-மே வேண்டாம், ஒரே உக்காருல முடிஞ்சுடும். ஜான் ஹார்ப்பரோட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்ல மொத்த விதியும் ஒரே பக்கம்தான், யார் வேணா அன்னிக்கு ஜிஎம் ஆகலாம். பணமும் தடையா இருக்க வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ்ல இலவசமாவே வந்துடுச்சு.

கடைசியா, 3 பேர் சேரலைன்னா? ரெண்டு பேர் வந்தாலும் அந்த நேரத்தை விட்டுடாதீங்க. டீ குடிங்க, கேரக்டர் ஷீட்டைச் சரி பண்ணுங்க, பேசிட்டு இருங்க. ஞாயிறு 3 மணின்னா அந்த இடத்துல யாராவது இருப்பாங்கங்கிற நம்பிக்கை ஒரு தடவை உடைஞ்சா, ஒட்ட வைக்கிறது கஷ்டம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கான்னு கேக்கலாம். ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நிறையப் பேருக்கு இது சொந்த ஊர் இல்ல. ஒரே ரூம்ல 4 பேர் இருப்பாங்க, வேற வேற ஷிப்ட், வாரக்கணக்குல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் முழிச்சிருக்கும்போது பாக்கவே மாட்டாங்க. அங்க வாரத்துல மூணரை மணி நேரம், டோக்கன் நம்பர் இல்லாம, வேற ஒரு பேர்ல, நாலு பேர் உங்களுக்காகக் காத்திருக்கிற ஒரு இடம் இருக்குங்கிறது சின்ன விஷயம் இல்ல.

முதல் டேபிள்ல காணாமப் போனவனைச் சொன்னேன் இல்லையா? ரோஸ்டர் பேப்பரைப் போட்டதும் நான் முதல்ல கூப்பிட்டது அவனைத்தான். "எனக்குத்தான் டைம் செட் ஆகாதேடா"ன்னான். "உன் சி ஷிப்ட் எந்த வாரம்னு மட்டும் சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்.

இந்த ஞாயிறு அவனுக்கு வட்டம் போட்ட ஞாயிறு. வியாழக்கிழமையே மெசேஜ் வந்துடுச்சு: "பானை ஓடு. கிணத்துப் பக்கம் போகாதீங்க, நான் வர்ற வரைக்கும்."

அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே. உங்க டேபிளோட ரோஸ்டரை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. யாரோட பேரை எழுத மறந்தீங்கன்னும் பாருங்க.